நேபாளத்துக்கு ஊழியப் பயணம்: தீர விசாரித்துப் போவது எப்படி?

திக்கற்ற பிள்ளைகளை விசாரிப்பது என்று நம் சபைகளில் ஜெபத்தில் சொல்வோம். அங்கே விசாரிப்பது என்றால் நலம் கேட்பது, பராமரிப்பது. நம் ஊர்ப் பேச்சில் அதே சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. ஒரு வீட்டில் பெண் கொடுக்கும் முன் அந்த வீட்டைப் பற்றி நாலு பேரிடம் கேட்டறிவதும் விசாரிப்பதுதான். வெளிநாட்டில் பிள்ளைகளுக்கும் தெருவில் வாழ்வோருக்கும் ஊழியம் செய்யப் போகும் குழுக்கள் முதல் விசாரிப்பை மனதாரச் செய்கின்றன. இரண்டாவதைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன.

என் முதல் பயணத்தில் நானும் விட்டேன். காத்மாண்டுவில் ஒரு பிள்ளைகள் இல்லத்துக்கு எட்டுப் பேராகப் போனோம். பைகள், ஸ்வெட்டர்கள், கலர் பென்சில்கள் எல்லாம் சுமந்துகொண்டு. பிள்ளைகள் வரிசையாக நின்று பாடினார்கள். நாங்கள் அழுதோம். ஐந்தாம் நாள் கிளம்பும்போது ஏழு வயதுப் பையன் ஒருவன் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. அடுத்த ஆண்டு போனபோது அவன் என் பக்கம் வரவில்லை. வேறொரு நாட்டிலிருந்து வந்திருந்த குழுவில் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு அதே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தான். அவனுக்கு அம்மா உயிரோடு இருக்கிறார், மேற்கே ஒரு மலைக் கிராமத்தில் இருக்கிறார் என்பது அன்றைக்குத்தான், சமையல் செய்யும் அக்கா வாயிலாகத் தெரிந்தது. எங்களிடம் அவனை அனாதை என்று சொல்லியிருந்தார்கள்.

அதன் பிறகும் நான் நேபாளம் போவதை நிறுத்தவில்லை. போகும் விதத்தை மாற்றிக்கொண்டேன். அந்த விதத்தைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். இந்தியர்களுக்கு விசா தேவையில்லை என்பதால் தமிழ்நாட்டுச் சபைகள் சுலபமாகத் தேர்ந்தெடுக்கும் நாடு அது. சுலபம் என்பதாலேயே கூடுதல் கவனமும் தேவை.

படி 1: அழைப்பு எங்கிருந்து வருகிறது?

பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே தொடங்குங்கள். முதலில் கேட்க வேண்டிய கேள்வி, நம்மை யார் கூப்பிட்டார்கள் என்பது. நம் வாலிபர் கூட்டத்துக்கு ஒரு மிஷனரி அனுபவம் கிடைக்கட்டும் என்று நாமே முடிவுசெய்து, பிறகு போய் இறங்க ஓர் இடம் தேடுவது தலைகீழ் வழி. நேபாளத்தில் சபை இருக்கிறது. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கே கிறிஸ்தவர்கள் 5,12,313 பேர், நாட்டு மக்களில் 1.76 சதவீதம். அந்த விசுவாசிகளில் பலர் ஏற்கெனவே தெருப் பிள்ளைகளோடும் வீடற்றவர்களோடும் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருவரிடம், "எங்களால் உங்களுக்கு என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது என்றாலும் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அவர்கள் உண்மையைச் சொல்லும் அளவுக்கு உறவு வளர இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். அதனால்தான் ஆறு மாதம் என்கிறேன்.

சில நேரம் பதில் இப்படி வரும்: "ஆட்கள் வேண்டாம், எங்கள் பணியாளர் ஒருவருக்கு ஓராண்டுச் சம்பளம் கொடுங்கள்." அப்படி வந்தால் அதையே செய்யுங்கள். அதுவும் மிஷனரி ஊழியம்தான்.

படி 2: பிள்ளைகள் இல்லங்களைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள்

இந்தப் பகுதியை அவசரப்படாமல் வாசியுங்கள். மற்ற எல்லாமே இதைப் பொறுத்தது.

நேபாளத்தில் 1996 முதல் 2006 வரை உள்நாட்டுப் போர் நடந்தது. ஹும்லா போன்ற எட்டாத மலை மாவட்டங்களில் பெற்றோர் தங்கள் பிள்ளைகளை, அரசை எதிர்த்துப் போரிட்ட மாவோயிஸ்டுகள் படைக்குப் பிடித்துச் செல்வார்களோ என்று பயந்தார்கள். பள்ளிக்கூட வசதியும் இல்லை. அந்தச் சமயத்தில் தரகர்கள் வந்தார்கள். "பிள்ளையைக் காத்மாண்டுவில் நல்ல ஹாஸ்டலில் சேர்த்துப் படிக்க வைக்கிறோம்" என்று சொல்லிக் குடும்பங்களிடம் பணமும் வாங்கிக்கொண்டு பிள்ளைகளைக் கூட்டிப்போனார்கள். நகரத்தில் அந்தப் பிள்ளைகள் அனாதைகள் ஆக்கப்பட்டார்கள். சிலருக்குப் பொய்யான இறப்புச் சான்றிதழ்கள்கூடத் தயாரிக்கப்பட்டன. வெளிநாட்டார் கொடுக்கும் நன்கொடை அந்த ஏற்பாட்டை வளர்த்தது.

போர் முடிந்த பின்னும் பழக்கம் முடியவில்லை. இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் சுமார் 85 சதவீதம் பேருக்குத் தாயோ தகப்பனோ ஒருவராவது உயிரோடு இருக்கிறார் என்று இத்துறையில் வேலை செய்பவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். இல்லங்கள் எங்கே கூடியிருக்கின்றன என்று பாருங்கள்: காத்மாண்டு, லலித்பூர், பக்தபூர், போக்கரா, சித்வான். சுற்றுலாப் பயணிகள் போகும் இடங்கள். வறுமை அதிகமுள்ள மலை மாவட்டங்களில் இல்லங்கள் குறைவு. தேவை இருக்கும் இடத்தில் இல்லாமல் நம்மைப் போன்றவர்கள் வந்து இறங்கும் இடத்தில் இல்லங்கள் முளைக்கின்றன என்றால், யாருக்காக முளைக்கின்றன என்று யோசிக்கத்தானே வேண்டும்?

2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்தில் ஏறத்தாழ 9,000 பேர் இறந்தார்கள். அடுத்த சில வாரங்களில் நேபாள அரசு எடுத்த முடிவுகளைப் பாருங்கள். பெற்றோரோ முறையான பாதுகாவலரோ இல்லாமல் பிள்ளைகள் மாவட்டம் விட்டு மாவட்டம் போகத் தடை. வெளிநாட்டுத் தத்து நிறுத்தம். புதிய இல்லங்களுக்குப் பதிவு நிறுத்தம். உலகமே உதவ ஓடிவந்த நேரத்தில் அரசு முதலில் பூட்டியது இந்தக் கதவைத்தான்.

எல்லா இல்லமும் ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. போக இடமில்லாத பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களை உயிராகப் பார்த்துக்கொள்ளும் நல்ல மனிதர்களும் இருக்கிறார்கள். ஆனால் நல்ல இல்லத்துக்குக்கூட, வாரத்துக்கு ஒரு குழு வந்து கட்டிப்பிடித்து, பாட்டுச் சொல்லிக்கொடுத்து, அழுதுவிட்டுப் போவது நல்லதல்ல. ஏற்கெனவே ஒருமுறை விடப்பட்ட பிள்ளையை நாம் ஒவ்வொரு முறையும் மறுபடி விட்டுவிட்டு வருகிறோம். நம் திருநெல்வேலிச் சீமையிலேயே உதாரணம் இருக்கிறது. டோனாவூரில் பிள்ளைகளை வளர்த்த ஐரிஷ் மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1895-ல் இந்தியா வந்தார். 1951-ல் அங்கேயே மறைந்தார். நடுவில் ஒருமுறைகூடத் தாய்நாடு திரும்பவில்லை. பிள்ளை வளர்ப்புக்கு வேண்டியது அப்படிப்பட்ட இருப்பு. பத்து நாள் விடுப்பில் போகிற நாம் அந்த இடத்துக்குப் பொருந்தமாட்டோம்.

ஆகவே என் கருத்து திட்டமானது: பத்து நாள் குழுவின் நிகழ்ச்சி நிரலில் இல்லத்துக்குப் போய்ப் பிள்ளைகளோடு நேரம் செலவிடுவது இருக்கக்கூடாது. பிள்ளைகளைக் குடும்பத்தோடு சேர்த்துவைக்கும் வேலை, குடும்பம் உடையாமல் தாங்கும் வேலை, பகல்நேரப் பராமரிப்பு, படிப்புதவி, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பணியாளர்களுக்கான உதவி ஆகியவற்றைத் தேடுங்கள்.

படி 3: கூட்டாளி அமைப்பைத் தீர விசாரியுங்கள்

நேபாளத்தில் தொண்டு அமைப்புகள் மாவட்ட நிர்வாக அலுவலகத்தில் பதிவு செய்யப்படுகின்றன. வெளிநாட்டு உதவி பெறும் அமைப்புகள் சமூக நல மன்றத்தோடு இணைந்திருக்க வேண்டும். அதை அங்கே சமாஜ் கல்யாண் பரிஷத் என்பார்கள். பிள்ளைகள் விஷயத்தைப் பார்க்க 2018 குழந்தைகள் சட்டத்தின்படி தேசியக் குழந்தை உரிமை மன்றம் இருக்கிறது. பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். "நாங்கள் கர்த்தருடைய வேலையைச் செய்கிறோம், காகிதம் எதற்கு?" என்று பதில் வந்தால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பிறகு தொலைபேசியில் நேராகப் பேசுங்கள். கடந்த ஆண்டு எத்தனை பிள்ளைகள் குடும்பத்துக்குத் திரும்பினார்கள்? ஒரு பிள்ளை உங்களிடம் வந்தால் முதல் வாரத்தில் என்ன செய்வீர்கள்? பெற்றோர் எப்போது வந்து பார்க்கலாம்? பிள்ளைப் பாதுகாப்புக் கொள்கை எழுத்தில் இருக்கிறதா? நல்ல அமைப்பு இதற்கெல்லாம் மகிழ்ந்து பதில் சொல்லும். சொல்லிவிட்டு உங்களையும் கேள்வி கேட்கும்: உங்கள் குழுவில் யார் யார், அவர்களைப் பற்றிக் காவல்துறைச் சான்று உண்டா, எதற்காக வருகிறீர்கள்? எங்கள் இப்போதைய கூட்டாளி எங்களிடம் இரண்டு மாதம் கேள்விதான் கேட்டார்கள். பணம் அனுப்பினால் போதும், எப்போது வேண்டுமானாலும் வாருங்கள், பிள்ளைகளோடு தங்கலாம் என்று வாசலைத் திறந்துவைத்திருக்கும் இடத்துக்குப் போகாதீர்கள். உங்களுக்குத் திறந்த வாசல் தப்பான ஆளுக்கும் திறந்திருக்கும்.

படி 4: சட்டத்தை மதியுங்கள்

நேபாள அரசியல் சாசனம் 2015, பிரிவு 26(3), ஒருவரை மதம் மாற்றுவதைத் தடை செய்கிறது. 2018 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த தண்டனைச் சட்டத்தின் 158-ஆம் பிரிவின்படி அதற்கு ஐந்து ஆண்டு வரை சிறையும் 50,000 நேபாள ரூபாய் வரை அபராதமும் உண்டு. குற்றவாளி வெளிநாட்டவர் என்றால் தண்டனை முடிந்த ஏழு நாளுக்குள் நாட்டைவிட்டு அனுப்பப்படுவார். 2016-ல் தோலகா மாவட்டம் சரிகோட்டில், நிலநடுக்கத்தால் பாதிக்கப்பட்ட பள்ளிப் பிள்ளைகளுக்கான மன ஆறுதல் நிகழ்ச்சியில் இயேசுவைப் பற்றிய படக்கதைப் புத்தகம் கொடுத்ததற்காக எட்டுப் பேர் கைதானார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் வழக்கிலிருந்து விடுதலையானார்கள். ஆனால் அதுவரை அவர்கள் குடும்பங்கள் பட்ட பாட்டை எண்ணிப் பாருங்கள்.

கைப்பிரதிகள் எடுத்துப் போகாதீர்கள். தெருவில் பிரசங்கம், பிற சமயப் பிள்ளைகளுக்கு விடுமுறை வேதாகமப் பள்ளி, ஞானஸ்நானம் எதுவும் வேண்டாம். நீங்கள் விமானம் ஏறிவிடுவீர்கள், வழக்கு அங்கிருக்கும் போதகர் தலையில் விழும்.

சட்டம் இல்லாவிட்டாலும் நான் இதையே சொல்வேன். பசியோடு இருக்கும் பிள்ளைக்கு ஒரு கையில் சோறும் மறு கையில் விசுவாசமும் நீட்டினால், அந்தப் பிள்ளையால் வேண்டாம் என்று சொல்ல முடியாது. நமக்கு முன்னே போனவர்கள் இதை அறிந்திருந்தார்கள். 1952-ல் போக்கராவுக்கு நடந்தே போய் மருத்துவமனை தொடங்கிய பெண்களின் குழுவும், 1954-ல் தொடங்கிய ஐக்கிய நேபாள மிஷனும் அந்நாட்டு அரசின் நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட்டே பல பத்தாண்டுகள் நோயாளிகளையும் தொழுநோயாளிகளையும் பார்த்தன. யாராவது உங்களிடம் ஏன் வந்தீர்கள் என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். கேட்காதவரை வேலையைச் செய்யுங்கள்.

மருத்துவர்களுக்கு ஒரு வார்த்தை: வெளிநாட்டு மருத்துவர் அங்கே நோயாளியைப் பார்க்க நேபாள மருத்துவ மன்றத்தின் தற்காலிகப் பதிவு வேண்டும். மூன்று நாள் முகாமாக இருந்தாலும் சரி.

படி 5: குழு

ஆறிலிருந்து எட்டுப் பேர் போதும். வருகிறேன் என்ற எல்லோரையும் சேர்க்காதீர்கள். ஒவ்வொருவருக்கும் காவல்துறைச் சரிபார்ப்புச் சான்று வாங்குங்கள், போதகர் வீட்டுப் பிள்ளை உட்பட. "நம்ம பையன்தானே" என்று விதிவிலக்கு கொடுத்தால் விதியே போய்விடும்.

பயணத்துக்கு முன் குறைந்தது நான்கு முறை கூடுங்கள். இந்த விதிகளை எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள்: எந்தப் பிள்ளையோடும் தனியாக இருக்கமாட்டேன். பிள்ளையை மடியில் வைக்கமாட்டேன், தூக்கமாட்டேன், கழிப்பறைக்குக் கூட்டிப்போகமாட்டேன். பிள்ளையிடம் தொலைபேசி எண் கொடுக்கமாட்டேன், வாங்கமாட்டேன். தனியாகப் பரிசு கொடுக்கமாட்டேன். திரும்பி வருவேன் என்று வாக்குக் கொடுக்கமாட்டேன். முகம் தெரியும் படம் எடுக்கமாட்டேன். நம் ஊரில் பிள்ளையைக் கண்டால் தூக்கிக் கொஞ்சுவது இயல்பு, அதனால் இது கடுமையாகத் தோன்றும். குழுத் தலைவர்தான் முதலில் இதைக் கடைப்பிடிக்க வேண்டும்.

கொஞ்சம் நேபாளி கற்றுக்கொள்ளுங்கள். அங்கே விசுவாசிகள் சந்தித்தால் "ஜெய்மசீ" என்பார்கள், மற்றவர்களுக்கு "நமஸ்தே". வயதில் மூத்த ஆணை "தாய்" என்று கூப்பிட வேண்டும். முதல் நாள் நம் நாக்கு தயங்கும், ஆனால் அங்கே அதற்கு அண்ணன் என்று பொருள். அக்கா "தீதி", தம்பி "பாய்", தங்கை "பஹினி". "கானா கானு பயோ?" என்றால் சாப்பிட்டாச்சா? நம்மைப் போலவே அவர்களும் பேச்சை அதில்தான் ஆரம்பிப்பார்கள்.

படி 6: பணம்

மொத்தச் செலவைக் கூட்டி, பயணச் செலவு எவ்வளவு, அங்கே போய்ச் சேரும் உதவி எவ்வளவு என்று இரண்டாகப் பிரித்துச் சபைக்குக் காட்டுங்கள். முதல் தொகை இரண்டாவதைவிடப் பல மடங்கு இருந்தால் குழுவைச் சிறிதாக்குங்கள். குழுவில் போகிறவர்கள் தங்கள் பயணச் செலவைத் தாங்களே பார்த்துக்கொள்வது நல்லது. காணிக்கை முழுவதும் வேலைக்குப் போகட்டும்.

சபையோ அறக்கட்டளையோ இந்தியாவுக்கு வெளியே பணம் செலவிட வருமான வரிச் சட்டத்தில் கட்டுப்பாடு இருக்கிறது. முதலில் ஆடிட்டரிடம் கேளுங்கள். பையில் ரொக்கமாகக் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். இந்திய ரூபாய் 100-க்கு நேபாள ரூபாய் 160 என்பது நிலையான மதிப்பு. 100 ரூபாய் நோட்டுகளாக வைத்துக்கொண்டால் தொந்தரவில்லை.

படி 7: காகிதம், காலம், உடல்நலம்

இந்தியர்கள் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அடையாள அட்டையோடு போகலாம். ஆதார் அட்டையை மட்டும் நம்பி விமான நிலையம் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இலங்கையர்களுக்கு ஓர் ஆண்டில் முதல் முறை போகும்போது 30 நாள் விசா கட்டணமில்லாமல் கிடைக்கும். மலேசியா, சிங்கப்பூர்க்காரர்கள் கட்டணம் செலுத்த வேண்டும். சுற்றுலா விசாவில் வேலை செய்ய அனுமதியில்லை, சம்பளமில்லாத வேலையும் சேர்த்துத்தான். அதையும் கூட்டாளியோடு முன்பே பேசிவிடுங்கள்.

அக்டோபர், நவம்பர், மார்ச், ஏப்ரல் நல்ல மாதங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை, மலைப்பாதையில் நிலச்சரிவு. தசைன் பண்டிகை (நம் ஊர் நவராத்திரி சமயம்) வாரங்களில் அலுவலகங்கள் மூடியிருக்கும், ஊரே ஊருக்குப் போய்விடும். காத்மாண்டு 1,400 மீட்டர் உயரம், ஜனவரி இரவுகள் நமக்குத் தாங்காத குளிர். டைபாய்டு, ஹெபடைடிஸ் ஏ தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள், தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள்.

ஆராதனை அங்கே சனிக்கிழமை, ஏனென்றால் அன்று வார விடுமுறை. பல சபைகளில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார வேண்டும். முதல் சனிக்கிழமை பின்வரிசையில் உட்கார்ந்து கேளுங்கள். மைக்கை வாங்காதீர்கள்.

படி 8: பிள்ளைகள் பக்கம் நம் வேலை

அப்படியானால் பிள்ளைகளுக்காக நாம் அங்கே போய் என்னதான் செய்வது? நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். பகல்நேர மையம் ஒன்றின் சமையலறையை வெள்ளையடித்தோம், கழிவுக்குழாயைச் சரிசெய்தோம். குழுவிலிருந்த கணக்காளர் மூன்று நாள் உட்கார்ந்து அவர்கள் கணக்குப் புத்தகங்களை ஒழுங்குபடுத்தினார். செவிலியர் இருவர் பணியாளர்களுக்கு முதலுதவி சொல்லிக்கொடுத்தார்கள். பல மாதமாக ஓய்வில்லாமல் இருந்த பணியாளர்களுக்கு ஒருநாள் விடுப்பு கிடைக்கும்படி சமையலையும் துணி துவைப்பதையும் நாங்கள் எடுத்துக்கொண்டோம். பிள்ளைகளை மாலை விளையாட்டு நேரத்தில், மையத்து அக்காமார் நடத்த, அவர்களோடு நின்று பார்த்தோம். அவ்வளவுதான்.

கூட்டாளி ஒரு பிள்ளையை அவன் கிராமத்தில் பாட்டியிடம் சேர்க்கப் போகும்போது உடன் வரட்டுமா என்று குழுவில் ஒருவர் கேட்டார். வேண்டாம் என்றார்கள். அந்நிய முகங்கள் போய் இறங்கினால் அந்தப் பாட்டிக்குக் காசு வந்திருக்கிறது என்று ஊரார் நினைப்பார்களாம். அந்தப் பயணத்துக்கான ஜீப் வாடகையை மட்டும் கொடுத்தோம். என் பார்வையில் அந்த ஆண்டு நாங்கள் செய்ததில் அதுவே பெரிய காரியம்.

படி 9: தெருவில் வாழ்வோர் நடுவில்

காத்மாண்டுவில் ரத்னா பார்க், தமேல், பசுபதிநாத் கோயில் சுற்றுவட்டாரங்களில் வீடற்றவர்களைப் பார்ப்பீர்கள். தெருப் பையன்கள் பிளாஸ்டிக் பொறுக்குவார்கள், பசை முகர்வார்கள். பசியையும் குளிரையும் அது மறக்கடிக்கிறது. அவர்களைக் கேவலமாகக் கூப்பிட அங்கே "காத்தே" என்று ஒரு சொல் உண்டு, அது உங்கள் வாயில் வரக்கூடாது. பாக்மதி ஆற்றங்கரைக் குடிசைகளில் இருப்பவர்கள் சுகும்பாசிகள், நிலமில்லாதவர்கள். அவர்களுக்கு அது வீடு, அழைப்பில்லாமல் உள்ளே போய்ப் படம் பிடிக்கும் இடமல்ல.

தெருப் பிள்ளை கையில் காசு கொடுக்காதீர்கள். மனம் கேட்காது, எனக்கும் கேட்பதில்லை. ஆனால் அந்தக் காசு பசைக்குப் போகிறது, அல்லது பெரிய பையன் பிடுங்கிக்கொள்கிறான். பிள்ளை ஆபத்தில் இருந்தால் நம் ஊரைப் போலவே அங்கேயும் உதவி எண் 1098. உள்ளூர்ப் பணியாளர் இல்லாமல் இரவில் தெருவுக்குப் போகவே வேண்டாம்.

பெரியவர்களிடம் போகும்போது குனிந்து, அவர்கள் கண்மட்டத்துக்கு உட்கார்ந்து பேசுங்கள். நமஸ்தே சொல்லுங்கள், பெயர் கேளுங்கள், உங்கள் பெயரைச் சொல்லுங்கள். பொட்டலத்தைக் கையில் திணித்துவிட்டு அடுத்த ஆளிடம் ஓடாதீர்கள். இருபது பேருக்குக் கொடுப்பதைவிட ஐந்து பேரோடு தேநீர் குடிப்பது மேல் என்று நான் நம்புகிறேன். முதியவர் ஒருவருக்கு நகம் வெட்டிவிட்டபோது அவர் தன் ஊர் நெல் வயலைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். எனக்குப் பாதிதான் புரிந்தது, எழுந்து போகவில்லை.

கம்பளிகளைச் சென்னையிலிருந்து சுமந்துபோகாதீர்கள். அசன் பஜாரில் வாங்குங்கள், உள்ளூர்க் கடைக்காரருக்கும் வியாபாரம். புண் இருந்தால் உள்ளூர் மருத்துவ ஊழியர் பார்க்கட்டும், நீங்கள் தண்ணீர் பிடித்துக் கொடுங்கள். மனநோய் உள்ளவரை எங்கே சேர்ப்பது, யார் மறுநாள் போய்ப் பார்ப்பது என்று தெரியாமல் தொடவேண்டாம்.

படி 10: திரும்பிய பின்

வந்த முதல் ஞாயிறே சாட்சி சொல்லக் கூப்பிடுவார்கள். இரண்டு வாரம் தள்ளிப்போடுங்கள். சொல்லும்போது பிள்ளைகளின் கதையைச் சொல்லாதீர்கள், அது அவர்களுடைய சொத்து. அங்கிருக்கும் பணியாளர்களின் உழைப்பைச் சொல்லுங்கள். திரையில் முகங்கள் வேண்டாம், வெள்ளையடித்த சமையலறையைக் காட்டுங்கள்.

அடுத்து, கூட்டாளிக்கு எழுதி, நாங்கள் வந்ததில் எது தொந்தரவாக இருந்தது என்று கேளுங்கள். எங்களுக்கு வந்த பதிலில், நாங்கள் கொண்டுபோன இனிப்புகளால் மூன்று நாள் பிள்ளைகள் சாதம் சாப்பிடவில்லை என்று இருந்தது. மறுமுறை இனிப்பு கொண்டுபோகவில்லை.

ஓராண்டு உதவி வாக்குக் கொடுத்திருந்தால் மாதத் தேதியை நாட்காட்டியில் குறித்து, அனுப்பும் பொறுப்பை ஒருவரிடம் ஒப்படையுங்கள், அவருக்குப் பதிலாள் ஒருவரையும் வையுங்கள். ஆறாம் மாதம் ஆர்வம் குறையும், பொருளாளர் மாறுவார், அந்த மாதம்தான் அங்கே ஒரு பையனின் பள்ளிக் கட்டணம் நிற்கும். எங்கள் சபையில் அந்தத் தேதி ஒவ்வொரு மாதமும் 5. இந்த மாதத்துக்கு அனுப்பியாயிற்று.